அந்தத் தேங்காய் எங்கிருந்து வந்தது, மாப்பிள்ளை?

என் பிரியமான மாப்பிள்ளை செங்கோடா,

நீ போன இடத்தில் லாரி உண்டா? இருந்தால் இந்நேரம் அங்கேயும் ஒரு பட்டறை போட்டு, ரெண்டு பேருக்கு ஒரே நேரத்தைச் சொல்லி, ரெண்டு பேரையும் அடித்துக்கொள்ள விட்டுவிட்டு நடுவில் நின்று கொண்டிருப்பாய். அங்கே ஏற்கெனவே செத்தவர்கள்தான் இருக்கிறார்கள் என்பதால் ஆபத்து கொஞ்சம் குறைச்சல்.

இந்தப் பக்கத்தில் வாரம் தவறாமல் என் வழுக்கையையும் தொந்தியையும் வைத்துச் சிரிப்புக் காட்டுகிறவன், இந்த வாரம் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். வாசகர்கள் பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்கட்டும். அவர்களும் கேட்டாக வேண்டிய சேதி இது. போன மாதம் அவர்களை ஒரு விஷயத்தில் தவறாகச் சிரிக்க வைத்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு உன்னைப் பற்றி ரெண்டு வரி. நீயும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. இயற்பியலில் நீ மூன்று தடவை தோற்றாய், நான் தேறிவிட்டேன். அதனால் நீ நாமக்கல்லுக்கு வெளியே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை போட்டு நாற்பது பேருக்குச் சோறு போட்டாய். நான் இன்னொரு பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்திக்கொண்டு சைக்கிளில் போனேன். நடுவில் என் தங்கை பூங்கொடியைக் கட்டிக்கொண்டாய். அதுவரை "டேய்" என்றவன், தாலி கட்டிய மறுநிமிஷம் "மச்சானுங்க" என்று ஆரம்பித்தாய். அந்த மரியாதையில் இருந்த கிண்டல் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பட்டறையைப் பூங்கொடிதான் பார்க்கிறாள். உன்னைவிட நன்றாகப் பார்க்கிறாள், கோபித்துக்கொள்ளாதே. வெல்டிங் வைக்கிறவர்கள் உன்னிடம் பத்து மணிக்கு வருவார்கள், அவளிடம் எட்டே முக்காலுக்கு வருகிறார்கள். ஆனால் மூன்று மாதமாக அவள் முகத்தைப் பார்த்தால், தறியில் இழுத்துக் கட்டிய நூல் மாதிரி இருக்கிறது. எந்த நேரம் அறும் என்று சொல்ல முடியாது.

உன்னைக் கொன்ற குற்றத்துக்காக ஓமலூர் மாதையன் சேலத்துச் சிறையில் இருக்கிறான். அவன் எறிந்த தேங்காய் உன் தலையில் பட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்து, முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவன் நான். இந்தக் கடிதம் அந்தக் கையெழுத்தைப் பற்றியது.

அன்றைக்கு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். மீதி நடக்கும்போது நீ தரையில் கிடந்தாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

வைகாசி மாதம். பரமத்திக்காரர் ஒருவருக்கு ஒரு லாரி, மாதையனுக்கு ஒரு லாரி, ரெண்டும் ஒரே நாளில் முடிந்தது. புது வண்டிக்குப் பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, நல்ல நேரத்தில் கேட்டைத் தாண்ட வேண்டும். ரெண்டு பேருடைய சோசியரும் ஒன்பதே காலைக் குறித்துக் கொடுத்திருந்தார்கள். இன்னொரு வண்டியின் புகையை மூஞ்சியில் வாங்கிக்கொண்டு முதல் ஓட்டம் போகக் கூடாது என்பதில் ரெண்டு பேரும் ஒரே கட்சி.

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அதுக்கென்னுங்க, ரெண்டு கேட்டு இருக்குதுல்லீங்க. ஒருத்தரு முன்னால போங்க, ஒருத்தரு பின்னால போங்க. ஒரே நிமிசத்துல ரெண்டு வண்டியும் வெளிய!"

"பின் கேட்டு தெக்கப் பாத்ததுங்க!" என்றார் பரமத்திக்காரர். "புது வண்டிய எமன் தெசைக்கு ஓட்டச் சொல்றீங்களா?"

"அவரு போகாத தெசைக்கு நான் மட்டும் போவனா?" என்றான் மாதையன். "எம்பட வண்டிக்கு எமன் என்ன மாமனா மச்சானா?"

இருபது வருஷம் பட்டறை நடத்தியவன், உன் பின் கேட்டு தெற்கே பார்த்தது என்பதை மறந்துவிட்டு ரெண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தாய் பார், அந்த இடத்தில்தான் உன் விதியை நீயே எழுதிவிட்டாய். எனக்கும்தான் தோன்றவில்லை. நான் அப்போது பரமத்திக்காரர் வண்டியின் கேபின் மேல் உட்கார்ந்து மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். "மச்சான் கீழ நின்னா எல்லாத்துக்கும் எடைஞ்சலு, மேல ஏத்தி விடுங்கப்பா" என்று ஏணி போட்டு ஏற்றிவிட்டவன் நீதான். பூசைத் தட்டில் ஐந்து தேங்காயும் என்னோடு மேலே இருந்தன.

ரெண்டு வண்டியும் முகத்துக்கு முகம் பார்த்து நின்றன, பின்னால் நீளமாக உன் ஹாலோ பிளாக் சுவர், எதிரே நடுவில் வடக்குக் கேட்டு. முதலில் திரும்புகிறவன் முதலில் போவான். மணி ஒன்பது பத்து.

பரமத்திக்காரரின் மருமகன் மாதையனின் டிரைவரைக் கன்னத்தில் அறைந்தான். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. டிரைவர் பூசை மணியால் அவன் மூக்கை உடைத்தான். எவனோ திருஷ்டிப் பூசணிக்காயைத் தூக்கி எவன் தலையிலோ போட்டான். உள்ளே கரைத்து வைத்த குங்குமம் சிதறி, எது ரத்தம் எது குங்குமம் என்று தெரியாமல் எல்லாரும் எல்லாருடைய சிவப்பையும் பார்த்துப் பேயானார்கள். டயர் லீவர் வந்தது. ஜாக்கி ராடு வந்தது. ஒரு வெல்டர் தன் முகமூடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு பக்கமும் பேதம் பார்க்காமல் மிதித்தான். நேற்று வரை ஒரே டீக்கடையில் ஒரே வடையைப் பிய்த்துத் தின்றவர்கள், மாப்பிள்ளை. ஒருவன் காதை ஒருவன் கடித்துக்கொண்டு உருண்டதை நான் மேலிருந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் ஒரு நிமிஷம் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வாரப் பத்திக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் மாதையனின் டிரைவர் உடைந்த பல்லோடு வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளப்பினான். நீ ஓடிப்போய் அந்த வண்டியின் முன்னால் நின்று ரெண்டு கையையும் விரித்தாய். உனக்கு முதுகுப் பக்கம் நான். வண்டி ஒரு முழம் உறுமி வந்தது. இன்னொரு முழம் வந்தது. அவன் கண்ணில் உன்னை மனுஷனாகப் பார்க்கிற பார்வை இல்லை.

கீழே கேட்டுப் பக்கம் மாதையன் கையில் ஒரு தேங்காயோடு ஏதோ கத்திக்கொண்டிருந்தான். ஹாரன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை; வாய் திறப்பது மட்டும் தெரிந்தது. அவன் கை ஓங்கியதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் நானும் கேபின் மேல் எழுந்து நின்று, ஒரு தேங்காயை எடுத்து, டிரைவருக்கு முன்னால் இருந்த கண்ணாடியைக் குறிவைத்து, என் பலம் முழுக்கச் சேர்த்து எறிந்தேன். கண்ணாடி உடைந்தால் வண்டி நிற்கும், நீ பிழைப்பாய். எறியும்போது கண்ணை மூடிக்கொள்வது என் வழக்கம். ஒன்றாம் வகுப்பில் பந்து எறிந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

கண்ணைத் திறந்தபோது கண்ணாடி பொடிப்பொடியாகக் கொட்டிக் கொண்டிருந்தது. வண்டி நின்றிருந்தது. நீ குப்புறக் கிடந்தாய்.

அந்த ஒரு கணத்தில் பங்கு பிரித்துவிட்டேன். கண்ணாடி என்னுடையது. நீ, மாதையனுடையவன். முற்றம் முழுக்கத் தேங்காய்ச் சில்லுகள் சிதறிக் கிடந்தன. எது யார் எறிந்தது என்று எந்தச் சில்லும் வாய் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன். மேலிருந்து கையை நீட்டி, "மாதையந்தான்! அவந்தான் எறிஞ்சான்! உடாதீங்கடா!" என்று அலறினேன்.

விடவில்லை. அவன் வண்டியைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள், நீயே கட்டிய பாடியை. அவனை மண்ணில் போட்டு மிதித்தார்கள். "நான் எறிஞ்சது என்ற வண்டிக் கண்ணாடியிலங்க! டிரைவர நிறுத்தத்தானுங்க எறிஞ்சேன்!" என்று கதறினான். "சொந்த வண்டி கண்ணாடிய எவனாச்சும் ஒடைப்பானாடா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். எறிந்த கையை இழுத்து நீட்டி ஜாக்கி ராடால் அடித்தபோது, நானும் ஏணியில் இறங்கி வந்து சேர்ந்திருந்தேன். கை அசையாமல் இருக்க மணிக்கட்டை மிதித்துப் பிடித்த செருப்பு, என் செருப்பு. எலும்பு உடையும் சத்தம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது அவனுக்கு மூன்று விரல் மடங்குவதில்லையாம்.

மூன்றாம் நாள் நீ ஆஸ்பத்திரியில் போய்விட்டாய். கேஸ் கொலைக் கேஸ் ஆனது. கோர்ட்டு வாசலில் பூங்கொடி மாதையனின் பெண்டாட்டி முடியைச் சுற்றிப் பிடித்து, "என்ற தாலிய அறுத்துட்டு நீ மஞ்சக் கயித்தோட நிக்கறயாடி!" என்று தரையில் மோதினாள். அந்தம்மாவின் காது கம்மலோடு கிழிந்தது. அவள் திருப்பி அடிக்கவில்லை. "எங்க ஊட்டுக்காரரு அப்பிடிப்பட்டவரு இல்லீங்கக்கா, இல்லீங்கக்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நானோ டீக்கடை டீக்கடையாகக் கண்ணாடியை உடைத்த கதையைச் சொன்னேன். வாழ்நாளில் நான் எறிந்து குறியில் பட்ட ஒரே பொருள் என்று பெருமை வேறு. இந்தப் பத்தியிலும் எழுதினேன், 'சொந்த லாரியின் கண்ணாடியில் தேங்காய் உடைத்துத் திறப்பு விழா நடத்தியதாகச் சொல்லும் முதல் முதலாளி' என்று. வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்ததாகக் கடிதம் போட்டார்கள். சிறைக்குள்ளும் யாரோ அதை மாதையனுக்குப் படித்துக் காட்டினார்களாம்.

ஆவணி பிறந்ததும் அவன் மறுபடி ஜாமீன் கேட்டான். நம் வக்கீல், வடக்குக் கேட்டுத் தூணில் இருந்த கேமராவின் படத்தைக் கொண்டு வந்தார். அதில் எறிந்தவர் யாரும் தெரியவில்லை, இடது பக்கத்தைப் பூசைப் பந்தலின் துணி மறைத்துவிட்டது. நீ நின்ற இடமும், துணியின் ஓரத்திலிருந்து உன் பின்மண்டைக்கு வரும் ஒரு தேங்காயும், பின்னால் சுவரும்தான். இன்னொரு தேங்காய் கேமராவுக்கு நேர் கீழே கேட்டை ஒட்டிப் போயிருக்க வேண்டும். கேமராவுக்குத் தன் காலடி தெரியாது. "தேங்காய் மேலேயிருந்து இறங்கி வருது, அதனால மாதையன் உசரத் தூக்கி எறிஞ்சான்னு நாம சொல்றோம். கணக்காவும் காட்டிட்டா ஜாமீன் கிடைக்காது" என்றார்.

பூங்கொடி என்னைப் பார்த்தாள். "ஏனுங்ண்ணா, ஊரான் பிள்ளைங்களுக்கெல்லாம் கணக்குப் போட்டுக் குடுக்கறீங்க. எங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணு போட்டுக் குடுக்க மாட்டீங்களா?"

போட்டுக் கொடுக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். நீ மூன்று தடவை தோற்ற அதே பாடம், மாப்பிள்ளை. ஒரு பொருள் ஒவ்வொரு நேரத்திலும் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். இடம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் வேகம். அந்த வேகமே எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் முடுக்கம். எறிந்த பொருளென்றால் கிடையாக ஒரு கணக்கு, செங்குத்தாக ஒரு கணக்கு. ரெண்டையும் தனித்தனியே போட வேண்டும். ஒன்றுக்கும் மற்றதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது, சண்டை போட்ட பங்காளி மாதிரி.

கேமரா விநாடிக்கு இருபத்தைந்து படம் எடுக்கிறது. ஐந்து படத்துக்கு ஒன்றாக, அதாவது விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஒரு தடவை, தேங்காய் இருந்த இடத்தைக் குறித்தேன். அளவுகோல்? உன் சுவர். ஹாலோ பிளாக் கல் ஒவ்வொன்றும் நாற்பது செண்டிமீட்டர் நீளம், இருபது செண்டிமீட்டர் உயரம். பூசாமல் விட்டாயே என்று உன்னைத் திட்டியிருக்கிறேன். நீ பூசியிருந்தால் எனக்கு வரைபடத்தாள் கிடைத்திருக்காது.

கிடையாகத் தேங்காய் ஐந்து கல் நகர்ந்தது, பிறகு ஐந்து கல், பிறகு ஐந்து கல். மாறவே இல்லை. விநாடிக்குப் பத்து மீட்டர், ஒரே வேகம். செங்குத்தாக, முதலில் மூன்றரைக் கல் இறங்கியது, அடுத்து ஆறு, அடுத்து எட்டரை. வேகம் விநாடிக்கு மூன்றரை மீட்டர், பிறகு ஆறு, பிறகு எட்டரை. ஒவ்வொரு தடவையும் இரண்டரை கூடுகிறது, அதுவும் விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள். அப்படியென்றால் முடுக்கம் பன்னிரண்டரை.

பூமி இழுப்பது கிட்டத்தட்டப் பத்து. நாமக்கல்லுக்கென்று தனியாகக் கூடுதல் இழுப்பு எதுவும் கிடையாது. இருந்தாலும் மேற்கொண்டு கணக்குப் போட்டேன். அந்த வேகங்களை வைத்துத் தேங்காயைப் பின்னோக்கி ஓட்டினால், பரமத்திக்காரர் வண்டி மூக்குக்கு நேரே, பதினெட்டடி உயரத்தில் போய் நின்றது. அந்த உயரத்தில் அன்றைக்குக் காக்கையைத் தவிர ஒருவரும் இல்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. ஏன் வந்தது என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. "கேமரா சரியில்ல சாமி, கணக்கு நிக்காது" என்று பூங்கொடியிடம் சொன்னேன்.

"சரியில்லீன்னா சரி பண்ணுங்க. எடத்துல வந்து அளந்து பாருங்க" என்றாள். விடுவாளா? உன் பெண்டாட்டி.

நேற்று மதியம் பட்டறைக்குப் போனேன். நீ விழுந்த இடத்தில் அவளை நிற்கச் சொல்லிவிட்டு, கேமரா காட்டுவதை அவளுடைய போனில் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் தெரிந்த கற்களை எண்ணினேன்.

"என்னுங்ண்ணா, அப்பிடியே நின்னுட்டீங்க? வெயிலு மண்டையப் பொளக்குது."

"நீ பத்துக் கல்லு உசரம்" என்றேன்.

"வெயிலு உங்க மண்டையத்தான் மொதல்ல பொளந்திருக்குது."

"செவுத்த ஒட்டிப் போயி நில்லு சாமி."

போய் நின்றாள். எட்டுக் கல். அவளுடைய உண்மையான உயரம் அதுதான். சுவர் தள்ளி இருக்கிறது. நீ சுவருக்கு முன்னால், கேமராவுக்குக் கிட்டத்தில் நின்றாய். கிட்டத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். எட்டு பத்தாகத் தெரிந்தால், என் அளவுகள் எல்லாவற்றையும் ஐந்தில் நாலாகக் குறைக்க வேண்டும். முதல் வருஷப் பிள்ளைகள் இந்தத் தப்பைச் செய்தால் நான் பெஞ்சு மேல் ஏற்றுவேன்.

பன்னிரண்டரையில் ஐந்தில் நாலு பங்கு எவ்வளவு, செங்கோடா? பத்து. பூமியே வந்து சாட்சிக் கூண்டில் ஏறிக்கொண்டது. அதற்கு மேல் கணக்கைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

பாதி கட்டிய ஒரு லாரியின் பம்பர் மேல் தாளை விரித்து மீதியைப் போட்டேன். கிடை வேகம் எட்டு மீட்டர். வண்டி மூக்கிலிருந்து நீ நின்ற இடம் இருபத்து நாலு அடி. அதைக் கடக்க ஒரு விநாடியில் பத்தில் ஒன்பது பங்கு. அந்த நேரத்தைத் திருப்பிச் சுற்றினால் தேங்காய் கிளம்பிய உயரம் பதினைந்தடி. தரையில் நின்று ஒருவன் அதே பாதையில் எறிய வேண்டுமென்றால், அவன் லாரியின் வயிற்றுக்குள் நின்று தகட்டைத் துளைத்து எறிந்திருக்க வேண்டும். கேபினின் உயரம் ஒன்பதடி. அதன்மேல் கையை ஓங்கி நிற்கும் ஒரு குட்டையான ஆள் ஆறடி.

பூங்கொடி என் தோள் வழியாகத் தாளைப் பார்த்தாள். "இதுல மாதையன் எங்க நிக்கறான்?"

"இதுல மாதையன் இல்ல."

"அப்பறம் யாரு?"

பதினைந்தடி என்று குறித்த இடத்தில் பென்சில் முனையை வைத்தேன். அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, எதிரே நின்ற கேபினின் மேல் விளிம்பைப் பார்த்தாள்.

"மேல நீங்கதானுங்ண்ணா இருந்தீங்க."

"ஆமா சாமி."

பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த ரீப்பர் கட்டையை எடுத்தாள். முதல் அடி தோளில் விழுந்தது, இரண்டாவது காதோடு சேர்த்து. வேலைக்காரர்கள் ஓடி வந்தார்கள். "எவனாச்சும் கிட்ட வந்தீங்கன்னா கொன்னுபோடுவேன்!" என்றாள். கட்டை முறியும் வரை அடித்தாள். முறிந்த பிறகு கையால் அடித்தாள். நான் தடுக்கவில்லை என்று எழுதினால் பெருமையாக இருக்கும். உண்மையில் பம்பருக்கு அடியில் தவழ்ந்து போகப் பார்த்தேன், தொந்தி இடித்தது. காலைப் பிடித்து வெளியே இழுத்து மறுபடி அடித்தாள். விலாவில் ரெண்டு எலும்பு விரிசல் என்றார் டாக்டர். இன்னும் விடியவில்லை, எழுதும்போது மூச்சு விட்டால் குத்துகிறது.

ஓய்ந்ததும் தேங்காய்நார் மாதிரி தலைமுடி பிரிந்து கிடக்க, மண்ணில் உட்கார்ந்தாள். உன் பேரைச் சொல்லி அழுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பொம்பளை காதை அறுத்துட்டனேண்ணா" என்றாள். "அவ கையெடுத்துக் கும்புட்டாளே. நான் அறுத்துட்டனே."

கொஞ்ச நேரம் கழித்து, "எந்திரிங்க. நாளைக்குக் காலைல ஸ்டேசனுக்குப் போறீங்க. நானும் வாரேன்."

"தொணைக்கா சாமி?"

"இல்லீங்க. வழியில எறங்கி ஓடீறக் கூடாதுல்லீங்க, அதுக்கு."

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ஒரு தடவை கண் விழித்தாய். நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு விரலை மெதுவாக மேலே தூக்கிக் காட்டினாய். உனக்குப் புழுங்குகிறது என்று நினைத்து, எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன். திரும்பி வந்தபோது கண்ணை மூடியிருந்தாய். நீ மின்விசிறியைத்தான் காட்டினாயா, மாப்பிள்ளை? அடிபட்டது பின்மண்டையில், உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஆனால் விழுவதற்கு முன்னால் நீ ஒரு கணம் திரும்பினாயோ என்று அந்தப் படத்தை நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க எந்த வாய்ப்பாடும் இல்லை.

ஒன்று மட்டும் தெரிகிறது. அன்றைக்கு ரெண்டு பேர் உன்னைக் காப்பாற்றத் தேங்காய் எறிந்தோம். ஒருவன் தன் புது வண்டியின் கண்ணாடியை உடைத்து உன்னைக் காப்பாற்றிவிட்டான். அவன் எறிந்ததால்தான் வண்டி நின்றது. அவனை மிதித்து, கையை உடைத்து, சிறையில் போட்டு, மேற்கொண்டு சிரித்தும் விட்டோம். இன்னொருவன் மூன்று மாதமாக வீட்டில் உட்கார்ந்து உன் காரியச் சோற்றைத் தின்றான்.

இது அச்சாகி உன் ஊர்க்காரர்கள் கையில் போகும்போது நான் ஸ்டேஷனில் சொல்லி முடித்திருப்பேன். சாட்சி சொன்னவனே எறிந்தவன் என்று சொல்வேன். அதைச் சொல்லும்போது கேட்பவர் இளகும்படி ஒரு வேடிக்கையும் சேர்க்க மாட்டேன். நாக்கு துறுதுறுக்கும், கடித்துக்கொள்வேன். கணக்குத் தாளைக் கொடுப்பேன். மணிக்கட்டை மிதித்த செருப்பு யாருடையது என்பதையும், கேட்காவிட்டாலும், சொல்வேன். மாதையன் வெளியே வருகிற அன்று சிறை வாசலில் எதிர்ப்பட்டால், மடங்குகிற இரண்டு விரலைக் கொண்டோ இடது கையைக் கொண்டோ அவன் என்னை அடிப்பான். அப்போது எந்தப் பம்பருக்கு அடியிலும் தவழ்ந்து போக மாட்டேன். கண்ணைத் திறந்துகொண்டே நிற்பேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன்னைப் பிழைக்க வைக்க எறிந்து உன்னைக் கொன்றவன்,
பூங்கொடியின் அண்ணன்,
உன் மச்சான்,
தங்கராசு